பீச் அத்தோ வீட்டுக்கு வருமா?

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து சென்னைத் தள்ளுவண்டியில் குடியேறிய ருசியைச் சமையலறைக்குக் கொண்டுவரும் வழி

மாலை ஆறு மணி. பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையைக் கடந்து செகண்ட் லைன் பீச் பக்கம் திரும்பினால், கடைகள் கண்ணில் படுவதற்கு முன்பே பூண்டு பொரிந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. வண்டியின் நடுவே அகலமான தாம்பாளத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவிந்து கிடக்கிறது. அதைச் சுற்றி இழை இழையாகச் சீவிய முட்டைகோஸ், நறுக்கிய வெங்காயம், பொரித்த வெங்காயம், கொத்தமல்லி, தட்டை போல மெல்லிதாகப் பொரித்து அடுக்கி வைத்த பேஜோ. "அண்ணே, ஒரு அத்தோ, காரம் தூக்கலா!" என்று குரல் வந்ததும் மாஸ்டரின் கை கிண்ணத்துக்குள் போகிறது. நூடுல்ஸ் ஒரு பிடி, கோஸ் ஒரு பிடி, வெங்காயம் அதில் பாதி. உப்பு, இடித்த மிளகாய், கொஞ்சம் மாவு. மேலே பூண்டு எண்ணெய், அதன் மேல் புளித்தண்ணீர். பேஜோவை உள்ளங்கையிலேயே நொறுக்கித் தூவி நாலு புரட்டு. எலுமிச்சை பிழிந்து இன்னொரு புரட்டு. பிளேட் கைக்கு வரும்போது பக்கத்தில் ஆவி பறக்க வாழைத்தண்டு சூப்பும் வந்துவிடுகிறது.

இந்த பிளேட்டை வீட்டில் செய்து பார்க்காத அத்தோ ரசிகர் இன்று குறைவு. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து வண்டிகள் நின்றபோது ஏக்கத்தில் தொடங்கியவர்கள் பலர். வேலைக்காகப் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனவர்கள், கலப்படச் செய்திகளைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வெளியே வாங்கித்தரத் தயங்குபவர்கள், முழங்கால் வலியால் பீச் வரை போய் நின்று சாப்பிட முடியாத பெரியவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். கைபேசியைத் திறந்தால் "பீச் அத்தோ ரகசியம்" சொல்லும் வீடியோக்கள் வரிசை கட்டுகின்றன. சாமான் பட்டியல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்து பார்த்தவர்களின் புலம்பலும் ஒன்றுதான்: "எல்லாம் போட்டேன், அந்த ருசி மட்டும் வரலை."

வராததற்குக் காரணம் ஏதோ ரகசியப் பொடி என்று நம்புகிறவர்கள் அதிகம். அப்படியொரு பொடி கிடையாது. வண்டிக்காரர் எதை எப்போது, எந்தச் சூட்டில், எவ்வளவு ஈரத்தோடு சேர்க்கிறார் என்ற வேலை வரிசையில்தான் ருசி இருக்கிறது. அந்த வரிசையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. காரணம் புரிந்துவிட்டால் அத்தோ வீட்டுக்கு வரும்.

கப்பலில் வந்த நாக்கு

அத்தோ சென்னையில் பிறந்த பண்டம் இல்லை. பர்மியர்கள் நூடுல்ஸ், காய், இஞ்சி, தேயிலை என்று எதையும் பூண்டு எண்ணெயும் வறுத்த கடலை மாவும் சேர்த்துக் கையால் பிசைந்து கலந்து சாப்பிடுவார்கள். ரங்கூன் தெருக்களில் அது அன்றாடச் சாப்பாடு. அந்த ரங்கூனில் நம்மவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. 1931-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். வட்டிக்கடை நடத்திய நகரத்தார் முதல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வயலில் இறங்கியவர்கள் வரை தமிழர்கள் எல்லாத் தட்டிலும் இருந்தார்கள்.

பெட்டிச் செய்தி: பர்மாவும் தமிழரும்

1937: பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது.
1942: ஜப்பான் படை நுழைந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே அஸ்ஸாம், மணிப்பூர் பக்கம் வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம்.
1962 மார்ச் 2: ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார்.
1964: கடைகள் தேசியமயமாயின. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள்.
1960-களின் இறுதி: அகதிகளாகச் சென்னை வந்தவர்கள் பிழைக்க, பீச் ஸ்டேஷன் அருகே பர்மா பஜார் உருவானது.
திரும்பவும் பர்மாவுக்கே போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட சில குடும்பங்கள் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டன. அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது.

உழைத்துச் சேர்த்த பணத்தையும் நகையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது நாக்கின் நினைவைத்தான். சென்னைச் சந்தையில் பர்மிய நூடுல்ஸ் கிடையாது. மீன் சாஸ் கிடையாது. கிடைத்த கோதுமை நூடுல்ஸ், நம் ஊர்ப் புளி, பொட்டுக்கடலை மாவு ஆகியவற்றை வைத்து அந்த ருசியை மறுபடி கட்டினார்கள். பொரித்த பருப்பு அப்பளம் போல அங்கே இருந்தது, இங்கே தட்டை போல மெல்லிய பேஜோ ஆனது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தான் வண்டிகள் பலவற்றை இன்று நடத்துகிறார்கள். ஆக, பீச்சில் நாம் சாப்பிடுவதே நினைவிலிருந்து மறுபடி சமைத்த ஒரு பண்டம். நாம் வீட்டில் செய்ய முயல்வது அதற்கு அடுத்த சுற்று. "அச்சு அசலாக வரவில்லையே" என்று கலங்குபவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொண்டால் போதும். கை தைரியமாக வேலை செய்யும்.

கடாயை அடுப்பில் ஏற்றாதீர்கள்

வீட்டு அத்தோ கெடும் முதல் இடம் கடாய். நூடுல்ஸ் என்றதும் நம் மனதுக்கு வருவது ஃப்ரைட் ரைஸ் கடைதான். எண்ணெயைக் காயவைத்து, வெங்காயம் வதக்கி, கோஸைப் போட்டு, நூடுல்ஸைக் கொட்டிப் பிரட்டிவிடுகிறோம். அது வேறு பண்டம். வண்டிகளில் "அத்தோ ஃப்ரை" என்று அதையும் தனியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் சாதா அத்தோவில் கலக்கும் நேரத்தில் நெருப்புக்கு வேலையே இல்லை. நூடுல்ஸ் ஆறியிருக்கும், கோஸ் பச்சையாக இருக்கும், பூண்டு எண்ணெய்கூட ஆறிப்போனதுதான். சூடாக வருவது சூப் மட்டும்.

ஒரே வெங்காயம் இரண்டு உருவத்தில் வருவதைக் கவனியுங்கள். பச்சையாக ஒரு பங்கு, பொன்னிறமாகப் பொரித்து ஒரு பங்கு. ஒன்று காரமும் ஈரமும் தருகிறது. இன்னொன்று இனிப்பும் மொறுமொறுப்பும் தருகிறது. கடாயில் போட்டு வதக்கினால் இரண்டும் ஒன்றாகிக் குழைந்துவிடும். அத்தோவின் சுகமே வாயில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்படுவதில் இருக்கிறது.

இரண்டாவது தவறு, குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்து வைப்பது. முட்டைகோஸில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே இறங்கத் தொடங்கும். பேஜோ நமத்துப்போகும், புளிப்பு நீர்த்துவிடும், அடியில் குளம் கட்டும். கடைசி ஆள் சாப்பிட உட்காரும்போது மிஞ்சுவது ஈரமான நூடுல்ஸ்தான். வண்டிக்காரர் ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு பிளேட்டாகக் கலப்பது வெறும் வியாபார முறை இல்லை, இந்தத் தண்ணீரோடு அவர் நடத்தும் ஓட்டப் பந்தயம். வீட்டிலும் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தவருக்கு மட்டும் கலந்து கொடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவரவர் பிளேட்டை அவரவரே கலக்க விட்டால் அந்த மாலையே கலகலப்பாகிவிடும்.

கலப்பது கையால்தான். கரண்டியால் புரட்டினால் எண்ணெய் ஓரிடத்திலும் புளி ஓரிடத்திலும் நிற்கும். விரல்களை நூடுல்ஸுக்குள் விட்டு மேலிருந்து கீழாகத் தூக்கிப் போடும்போது ஒவ்வொரு இழையிலும் எண்ணெய் பூசிக்கொள்கிறது. பொட்டுக்கடலை மாவு அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, புளித்தண்ணீரை உறிஞ்சி இழையோடு பிடித்துவைக்கிறது. அதனால்தான் எண்ணெய் முதலில், புளித்தண்ணீர் பிறகு. மாற்றிப் போட்டால் மாவு கட்டி கட்டியாகத் திரளும்.

உயிர் பூண்டு எண்ணெயில்

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியும் என்றால் அதைப் பூண்டு எண்ணெய்க்குக் கொடுங்கள். வண்டியைத் தேடி நம்மை இழுத்த வாசனை இதுதான்.

பெரிய பூண்டு இரண்டை உரித்து, பற்களை ஒரே கனத்தில் மெல்லிய வில்லைகளாகச் சீவ வேண்டும். தட்டியோ அரைத்தோ போட்டால் தூள் கருகும், துண்டு வேகாது. கனம் குறைந்த வாணலியில் 150 மில்லி கடலெண்ணெய் விட்டு, எண்ணெய் காய்வதற்கு முன்பே பூண்டைப் போட்டு, அடுப்பைச் சிறு தீயில் வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். ஆறியதும் வில்லை தொய்ந்துபோகும். குளிர்ந்த எண்ணெயில் தொடங்கினால் பூண்டின் ஈரம் மெல்ல வெளியேறி, மணம் முழுவதும் எண்ணெயில் இறங்கும்.

முதலில் சின்னச் சின்னக் குமிழ்கள் வேகமாக வரும். அது பூண்டிலிருந்து நீராவி போவது. குமிழ் அடங்கத் தொடங்குகிறது என்றால் ஈரம் தீர்ந்துவிட்டது, நிறம் இனி ஓடும். அடுப்பை விட்டு நகரக் கூடாத நேரம் இது. வில்லைகள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் வடிகட்டியில் கொட்டிவிட வேண்டும். பார்வைக்கு இன்னும் கொஞ்சம் சிவக்கலாமே என்று தோன்றும். நம்பாதீர்கள். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் நிறம் ஏறும். வாணலியிலேயே பொன்னிறம் பார்த்துவிட்டால் தட்டில் கசப்புதான். அதே எண்ணெயில் மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தை இதே பொறுமையோடு பொரித்து எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டிச் செய்தி: எண்ணெயைப் பத்திரப்படுத்தும்போது

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கலாம். மொறுமொறுவெனப் பொரித்து வடித்த எண்ணெயையும் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாள்களில் தீர்த்துவிடுவதே நல்லது.
பொரித்த பூண்டையும் வெங்காயத்தையும் எண்ணெயிலிருந்து பிரித்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்தால் நமக்காது.
வேகவைத்த நூடுல்ஸ் அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியா பெருகும். அது விடும் வாந்தி நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலையில் வேகவைத்து மாலையில் பரிமாறுவதாக இருந்தால், ஆறியவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

நூடுல்ஸும் புளியும்

மசாலா பாக்கெட்டோடு வரும் இரண்டு நிமிட நூடுல்ஸ் இதற்கு உதவாது. ஏற்கெனவே பொரித்துக் காயவைத்த அது, புளித்தண்ணீர் பட்டதும் கூழாகிவிடும். ஹக்கா நூடுல்ஸ் அல்லது முட்டை சேர்த்த கனமான நூடுல்ஸ் வாங்குங்கள். கிழக்காசிய நூடுல்ஸின் இழுவைக்கும் மஞ்சள் நிறத்துக்கும் காரணம் மாவில் சேர்க்கும் காரம். அதாவது சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகள். வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் சாதா நூடுல்ஸுக்கும் கொஞ்சம் அந்த இழுவை வரும். முக்கால் பதம் தாண்டியதும் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் வழுவழுப்புப் போக அலசி, ஒரு ஸ்பூன் பூண்டு எண்ணெய் தடவி, அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மேல் ஈரம் உலர்ந்தால்தான் சாறு ஒட்டும்.

புளியில் நம் கை தானாகவே குழம்புப் பதத்துக்குப் போய்விடுகிறது. அத்தோவுக்கு அந்தக் கெட்டிக் கரைசல் வேண்டாம். ரசத்துக்குக் கரைப்பதைவிடவும் மெலிதாக, ஆனால் நாக்கில் சுருக்கென்று படும் அளவுக்குப் புளிப்பாக இருக்க வேண்டும். நன்றாக வடிகட்டுங்கள். சக்கை கலந்தால் பச்சை வாடை அடிக்கும். கோஸை நரம்புக்குக் குறுக்கே முடிந்தவரை மெல்லியதாகச் சீவி, ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, பிறகு துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டால் கடித்தால் முறுக்கென்று இருக்கும்.

பெட்டிச் செய்தி: நான்கு பிளேட்டுக்கு

நூடுல்ஸ் 350 கிராம். முட்டைகோஸ் கால் கிலோ. பெரிய வெங்காயம் நான்கு: பொரிக்க மூன்று, பச்சையாக ஒன்று. பூண்டு இரண்டு முழுசு. கடலெண்ணெய் 150 மில்லி. புளி எலுமிச்சை அளவு, இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்தது. வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவு நான்கு டேபிள்ஸ்பூன். காய்ந்த மிளகாய் பத்து, வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்தது. எலுமிச்சை இரண்டு. கொத்தமல்லி ஒரு கைப்பிடி. பேஜோ கிடைக்காத ஊரில் கடலைப்பருப்பு போட்ட மெல்லிய தட்டை அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்யும்.
ஒரு பிளேட்டுக்கு எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், புளித்தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூனில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

சூப் இல்லாமல் அத்தோ இல்லை

வாழைத்தண்டு நம் வீடுகளில் பொரியலுக்கும் சாறுக்கும் வருவது. பர்மாவில் மொய்ங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸில் அதே தண்டு முக்கியச் சரக்கு. சென்னை வண்டிகளில் மீன் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. தண்டு மட்டும் சூப்பில் நின்றுவிட்டது.

தண்டை வட்டமாக அரியும்போது துண்டுக்குத் துண்டு இழையும் நார், வலை போல நீண்டு வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். விட்டுவிட்டால் தொண்டையில் சிக்கும். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள் வதக்கி, தண்டைச் சேர்த்து, தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைத்து, கடைசியில் பொட்டுக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மிளகுத்தூள் தட்டிப் போட்டு இறக்கினால் சூப். எலுமிச்சைப்புல் கிடைத்தால் ஒரு தண்டை நசுக்கிப் போடுங்கள். பர்மா வாடை தேடுகிறவர்கள் அதில் கொஞ்சம் நெருங்கிவிடலாம். சூப் ரொம்பக் கெட்டியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளிப்பும் எண்ணெயுமாக இருக்கும் அத்தோவுக்கு நடுநடுவே நாக்கைக் கழுவிவிடும் வேலை அதற்கு.

அஜினமோட்டோ போடலாமா?

வீட்டு அத்தோவில் அதிகம் சண்டை நடப்பது இந்த வெள்ளைப் பொடிக்காகத்தான். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-ல் கடற்பாசிச் சாறிலிருந்து குளுட்டமேட்டின் சுவையைப் பிரித்தறிந்தார். அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே அதே குளுட்டமேட் உண்டு. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு 1987-ல் இதை ஆராய்ந்து, தினசரி உச்சவரம்பு என்று எதையும் நிர்ணயிக்கத் தேவையில்லை என்றது. எடைக்கு எடை பார்த்தால் சாதா உப்பில் சுமார் 39 சதவீதம் சோடியம், இதில் சுமார் 12 சதவீதம்தான்.

என் கருத்து இது: விருப்பமிருந்தால் பிளேட்டுக்கு ஒரு சிட்டிகை போடுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். வேண்டாம் என்பவர்கள் பர்மியர்கள் வழியிலேயே போகலாம். காய்ந்த கூனி இறாலை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து அரை ஸ்பூன் தூவினால், அஜினமோட்டோவைவிடவும் ஆழமான ருசி வரும். சைவர்களுக்குக் காய்ந்த காளான் பொடி இருக்கிறது. எதைச் சேர்த்தாலும் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தக்காரர்கள் இருக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியது அந்த உப்பைத்தான்.

நிறமும் எண்ணெயும்

2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரிந்து தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தைத் தடுத்தது. அதற்குப் பிறகு தெருவோரத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக எதைப் பார்த்தாலும் பெற்றோருக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டில் செய்வதன் பெரிய ஆதாயமும் இதுதான். நூடுல்ஸ் வேகும் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள்தூள், பூண்டு எண்ணெயில் ஒரு ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள். அவ்வளவு நிறம் போதும். அத்தோவின் ருசியில் சாயத்துக்குத் துளியும் பங்கில்லை.

எண்ணெய் விஷயத்தில் வீடுகளும் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைக்காரருக்கு விதியும் சோதனையும் உண்டு. நம் அடுப்பு மேடையில், அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேர்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தை யாரும் சோதிப்பதில்லை. பேஜோவைப் பொரித்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகை சீக்கிரம் வந்தால் அதைக் கொட்டிவிடுங்கள்.

நெருப்பு கேட்கும் கோவைக் காளான்

அத்தோவுக்கு நேர் எதிர் பண்டம் ஒன்று கொங்கு மண்டலத்தில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் "ரோட்டுக்கடை காளான்" என்றால் மாலையானதும் கால்கள் தானாக நடக்கும். காளானையும் முட்டைகோஸையும் பொடியாக நறுக்கி, மைதா, சோள மாவு, மசாலாவோடு பக்கோடாவாகப் பொரித்து, கனத்த இரும்புக் கல்லில் குழம்பு ஊற்றிக் கொத்திப் பிரட்டி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள்.

வீட்டில் செய்பவர்கள் "நமக்கென்ன கஞ்சத்தனம்" என்று கோஸை நீக்கிவிட்டு முழுக்கக் காளானே போடுகிறார்கள். அங்கேயே ருசி போய்விடுகிறது. பொரிந்த கோஸ் தரும் இனிப்பும் நாரும்தான் அந்தப் பண்டத்தின் உடம்பு, காளான் வாசனைக்கு. மூன்று பங்கு கோஸுக்கு ஒரு பங்கு காளான் வைத்து, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, இறுக்கிப் பிழிந்து, பிறகு மாவு சேருங்கள். பிழியாமல் மாவைக் கொட்டினால் தண்ணீரைச் சமாளிக்க மேலும் மேலும் மைதா போய், கடைசியில் போண்டா வரும்.

அடுத்து கல். நான்ஸ்டிக் தவாவால் இது ஆகாது. கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகப் புகையக் காயவைத்து, ஒரு பிளேட்டுக்கு மட்டும் ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றுங்கள். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். ஈரம் தேங்கி நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொருள் சிவந்து மணக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். நான்கு பேருக்கும் சேர்த்துக் கொட்டினால் கல் அடங்கி, எல்லாம் கொதித்துக் களியாகும். குழம்பு ஓரத்தில் ஒட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் பக்கோடாவைப் போட்டுத் தோசைத் திருப்பியின் முனையால் கொத்தி, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

வண்டிக்காரருக்கு என்ன ஆகும்?

எல்லோரும் வீட்டில் செய்யத் தொடங்கிவிட்டால் வண்டிகள் படுத்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. லாஸ் ஏஞ்சலீஸில் 2008-ல் கோகி என்ற வண்டியில் கொரிய இறைச்சியை மெக்சிகோ டாக்கோவுக்குள் வைத்து விற்று ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ராய் சோய். 2013-ல் தன் வாழ்க்கைக் கதையைச் சமையல் குறிப்புகளோடு புத்தகமாகவே போட்டார். அதற்குப் பிறகும் வண்டிகள் ஓடின. நியூயார்க் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் தோசை வண்டி போட்டு 2007-ல் அந்த நகரத்துத் தெரு உணவுக்கான வெண்டி விருதை வென்ற இலங்கைத் தமிழர் திரு குமாரின் தோசையும் வீட்டில் செய்ய முடியாததா? மக்கள் வரிசையில் நின்றுதான் வாங்கினார்கள். அத்தோவை ஒரு முறை முழுதாக வீட்டில் செய்து பார்த்தவருக்கு, ஒரு பிளேட்டுக்குப் பின்னால் பூண்டு உரிப்பதிலிருந்து நார் எடுப்பது வரை எத்தனை மணி நேரக் கைவேலை என்பது தெரிந்துவிடும். அவர் வண்டியில் பேரம் பேச மாட்டார்.

வண்டிகளுக்கு உண்மையான ஆபத்து இடத்தைப் பற்றியது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம். அது தெருவுக்கு முழுதாக இறங்கிவர வாடிக்கையாளர்களின் குரலும் வேண்டும். தண்ணீர் இணைப்பும் குப்பை எடுக்கும் வசதியும் இல்லாத இடத்தில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு, சுத்தமில்லை என்று அவரையே குறை சொல்வது நியாயமில்லை.

வீடியோ போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமைக்கும் முறைக்கு யாரும் உரிமை கோர முடியாதுதான். ஆனால் எந்தத் தெருவில் சாப்பிட்டுக் கற்றுக்கொண்டீர்களோ அந்தத் தெருவைச் சொல்லுங்கள், பர்மாவைச் சொல்லுங்கள். "இண்டோ சைனீஸ் சாலட்" என்று அத்தோவுக்குப் புதுப் பெயர் சூட்டும்போது, மூட்டை முடிச்சோடு கரையிறங்கிய ஒரு தலைமுறையின் உழைப்பு பெயரில்லாமல் போகிறது. வியாசர்பாடியிலும் மற்ற பர்மா குடியிருப்புகளிலும் ரங்கூன் சமையலை நேரில் பார்த்த பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மீன் போட்ட மொய்ங்கா, தேங்காய்ப்பால் நூடுல்ஸ், புளித்த மீன் விழுதில் செய்த துவையல் எல்லாம் வண்டிக்கு வராமல் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டவை. பேரப் பிள்ளைகள் கைபேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் அடுப்படிக்குப் போய், கைப்பிடி அளவையெல்லாம் கிராமில் எடைபோட்டு எழுதிவைத்தால் அதைவிடப் பெரிய ஆவணம் இருக்க முடியாது.

முதலில் முட்டை

இவ்வளவையும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால் நூடுல்ஸைத் தள்ளிவைத்துவிட்டு முட்டை மசாலாவில் தொடங்குங்கள். அதே வண்டியில் அத்தோவுக்குத் துணையாகக் கேட்டு வாங்குவோமே, அதுதான். முட்டையை ஒன்பது நிமிடம் வேகவைத்து, உரித்து, மேலிருந்து பாதிக்கு மேல் கத்தியால் பிளந்து விரியுங்கள். உள்ளே பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, கொத்தமல்லியை அழுத்தி வைத்து, இடித்த மிளகாயும் உப்பும் தூவி, பூண்டு எண்ணெய் ஒரு ஸ்பூன், புளித்தண்ணீர் ஒரு ஸ்பூன் விடுங்கள். முழுசாக ஒரே வாயில் போட வேண்டும். கடித்து இரண்டாக்கினால் சாறு சட்டையில் வழியும்.

வாய் கசந்தால் பூண்டை அதிகம் சிவக்கவிட்டிருக்கிறீர்கள். மொழுமொழுவென்று இருந்தால் வெங்காயத்தில் ஈரம் நிற்கிறது. மஞ்சள் கரு தொண்டையை அடைத்தால் புளித்தண்ணீர் போதவில்லை. மூன்றும் சரியாக வந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ் வாங்கலாம்.